தேநீரில் தோய்த்த வெள்ளை

ஆல்பி கார்ஸ்டாங் நாற்பத்திரண்டு வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். விருது எதுவும் வாங்கியதில்லை. விருந்துகளுக்கு அழைப்பு வந்தால், மறுநாள் விடியற்காலை ஷூட்டிங் இருக்கிறது என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

வட இங்கிலாந்தின் போல்ட்டன் நகரப் பஞ்சாலையில் நூல் நூற்றவர் மகன். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டார், நூலகத்துக்குப் போடவில்லை. போர்க்காலத்தில் ராணுவத்துக்காகப் படம் பிடித்தார். பிறகு லண்டன் ஸ்டுடியோவில் கிளாப் அடித்தார். அதன்பின் பதினோரு வருடம் லென்ஸுக்கும் நடிகையின் மூக்குக்கும் இடையே டேப் பிடித்து அளந்து ஃபோகஸ் திருப்பினார். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்கள். இவர் வாயைத் திறந்தால் சிரித்தார்கள். ஒளியைப் பற்றி இவருக்குத் தெரிந்ததில் கால்வாசி தெரியாதவர்களெல்லாம் ஒளிப்பதிவாளர் ஆனார்கள், இவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட பிறகுதான், முப்பத்தாறு வயதில், விளக்குகள் இவர் சொன்ன இடத்தில் நின்றன.

அவருக்குக் கடவுள் இல்லை. கழுத்தில் தொங்கிய ஒளிமானிதான் இருந்தது. யார் எதைச் சொன்னாலும், "அளந்து பாத்தியா?" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு. சால்ஃபோர்டில் மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கி மூன்று பாகத் தொலைக்காட்சி நாடகம் ஒன்று எடுத்தார்கள். அதில் வார்டின் மூத்த நர்ஸாக நடித்தவர் யூனிஸ் கிட்டன்ஸ். கரீபியத் தீவான பார்படோஸிலிருந்து பதினேழு வயதில் வந்து, ஐந்து வருடம் நிஜமாகவே நர்ஸ் வேலை பார்த்துவிட்டு மேடை ஏறியவர். கதையில் அவருக்கு ஒரு பெரிய காட்சி. கணவன் இறந்துவிட்டான் என்று மனைவியிடம் சொல்ல வேண்டும். ஒன்றரைப் பக்க வசனம்.

செவ்வாய்க்கிழமை முன்னோட்டமாக எடுத்த ஷாட்டுகளைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். ஏப்ரன் பளபளத்தது. தொப்பி பளபளத்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு நிழல் பேசியது.

தயாரிப்பாளர் ஜெரால்ட் ஃபென்விக் உச்சுக் கொட்டினார். "பாவம், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல ஆல்பி. கறுப்பு முகம் படத்துல விழாது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இயற்கை."

"இயற்கையா? யாரு சார் அளந்தா?"

"இருபது வருஷமா பாக்கறேன்யா."

"இருபது வருஷமா பாத்தீங்க. அளக்கல. கேமராப் பொட்டிக்குள்ள இருக்கிறது வெறும் ரசாயனம். அதுக்கு எவன் மேலயும் வெறுப்பு கிடையாது. ஆளுங்களுக்குத்தான் உண்டு."

ஃபென்விக் கோபப்படவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததை மட்டுமே தெரிந்துவைத்திருந்த மனிதர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அந்த வார்டு அன்னிக்கு வரைக்கும்தான் நமக்கு. முகம் தெரியலேன்னா வசனத்த இன்னொரு நர்ஸா வர்ற பெனலோப்புக்குக் குடுத்துடறேன். யூனிஸ் பக்கத்துல தட்டு ஏந்திட்டு நிக்கட்டும்" என்றார்.

புதன்கிழமை ஆல்பி எல்லாரும் செய்யும் தவற்றையே செய்தார். யூனிஸின் முகத்துக்கு நேராக இன்னும் இரண்டு விளக்கை ஏற்றினார். அந்த அம்மாளுக்குக் கண் கூசியது, வியர்த்து வழிந்தது.

"மிஸ்டர் கார்ஸ்டாங், என்னப் படம் புடிக்கிறீங்களா, கருவாடு போடுறீங்களா?"

"மன்னிச்சுக்க கண்ணு. என் புத்திதான் காய்ஞ்சு போச்சு" என்று விளக்குகளை அணைக்கச் சொன்னார். ஒளிமானியைக் கழற்றி யூனிஸின் கன்னத்தருகே வைத்தார். பிறகு ஏப்ரன் அருகே. மறுபடி கன்னம், மறுபடி ஏப்ரன். ஒரு பழைய சிகரெட் அட்டையில் எண்களை எழுதினார். எழுதியதை நான்கு தடவை பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார்.

கஞ்சி போட்டு வெளுத்த துணி, முகத்தைவிடப் பத்து மடங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. படச்சுருள் இரண்டையும் சேர்த்துத் தாங்காது. துணியைக் காப்பாற்றினால் முகம் போகும். பெனலோப்பின் முகம் ஏறக்குறைய ஏப்ரன் நிறம் என்பதால் அவளுக்கு இந்தத் தொல்லை வந்ததே இல்லை. இத்தனை காலமாக முகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தார்கள். குற்றம் செய்த துணி வெளியே சுதந்திரமாக உலாத்திக்கொண்டிருந்தது.

உடைப் பொறுப்பாளர் மேவிஸிடம் ஓடினார். வெள்ளைச் சட்டையை டீயில் முக்கிப் பழுப்பாக்குவது அந்தத் தொழிலில் பழைய வித்தை. திரையில் அது வெள்ளையாகத்தான் தெரியும், கண்ணை மட்டும் குத்தாது.

"ஒரு சட்டைன்னா சரி. பன்னெண்டு ஏப்ரன், பன்னெண்டு தொப்பி, பதினாறு படுக்கை விரிப்பு. அம்புட்டு டீத்தூளுக்கு நான் எங்க போவேன்?" என்றார் மேவிஸ்.

"எங்கயாச்சும் போ. நான் கேக்க மாட்டேன்."

கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை வார்டு முழுக்க மங்கலான பழுப்பு. ஆல்பி முகத்துக்கு நேரான விளக்குகளையெல்லாம் எடுத்துவிட்டார். ஜன்னல் பக்கம் பெரிய வெள்ளைப் பலகையை நிறுத்தி, விளக்கை அதில் அடித்து, அங்கிருந்து திரும்பும் வெளிச்சம் யூனிஸின் கன்னத்தில் பக்கவாட்டில் வழுக்கி இறங்கும்படி வைத்தார். சரியாகப் பத்தரை மணிக்கு எல்லா விளக்கும் அணைந்தன.

லைட்மேன்களின் தலைவர் சிட் பிளாகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "டீ இல்ல."

"என்னது?"

"கேன்டீன்ல டீ இல்ல. நாலு டின்னும் காலி. பத்தரைக்கு டீ. டீ இல்லேன்னா லைட் இல்ல. நான் சொல்லல, யூனியன் ஒப்பந்தம் சொல்லுது."

மேவிஸ் கூரையைப் பார்த்தார்.

வேறு ஒளிப்பதிவாளராக இருந்தால் கத்தியிருப்பார். ஆல்பியால் முடியாது. உழைக்கிறவனுக்கு ஒரு கோப்பை டீக்கான நேரம் உரிமை என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்த கூட்டத்தில் அவரும் இருந்தார். அதற்காக மழையில் மூன்று நாள் தெருவில் நின்றிருக்கிறார். ஓர் அநியாயத்தைத் துடைக்க இன்னொருவர் உரிமையில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"உன் இடைவேளைய நீ எடுத்துக்க சிட். அது உன்னுது. முழுசா எடு. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு லைட்டப் போட்டுட்டு, இது வழியா ஒரு தடவ பாத்துட்டுப் போ." கழுத்தில் ஒளிமானியோடு தொங்கிய கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அதன் வழியே பார்த்தால் படத்தில் எது தெரியும், எது மறையும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கட்டிலருகே நின்ற யூனிஸ் சும்மா இருக்கவில்லை. "சிட், பதினேழு வருஷமா உங்க ஊரு டீயக் குடிக்கிறேன். வெறும் பழுப்புத் தண்ணி. இப்பதான் அதுக்கு உருப்படியா ஒரு வேல கிடைச்சிருக்கு, நீ தடுக்கறியே!"

லைட்மேன்கள் குபீரென்று சிரித்தார்கள். சிட் சிரிக்கவில்லை. ஒரு விளக்கைப் போட்டார். கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். வெகுநேரம் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"ஏம்மா... ஒனக்குப் புருவத்துல தழும்பு இருக்கா?"

"எட்டு வயசுல மாமரத்துலேருந்து விழுந்தேன். ஏழு நாடகத்துல நடிச்சாச்சு. மொதல்ல பாத்தவன் நீதான்."

சிட் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். தன் ஆட்களைப் பார்த்தார். "பத்து நிமிஷம் இடைவேளை. எல்லாரும் வென்னீர் குடிங்க. மொனகறவன் எங்கிட்ட வந்து மொனகட்டும்."

ஒருவன் மட்டும் முனகினான். அவனுக்கு யூனிஸ் தன் பையிலிருந்து இஞ்சி பிஸ்கட் கொடுத்தார்.

காட்சி இரண்டாவது டேக்கிலேயே முடிந்தது. படச்சுருளைக் கழுவி அச்சடிக்கும் லேபுக்குப் படப்பெட்டியோடு ஆல்பி ஒரு சீட்டும் அனுப்பினார்: "படுக்கை விரிப்பைப் பார்த்து அச்சடிக்காதே. பெண்ணின் முகத்தைப் பார்த்து அச்சடி."

திங்கட்கிழமை மதியம், கையில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியோடு எல்லாரும் சின்னத் திரையரங்கில் உட்கார்ந்தார்கள். ஆல்பி யூனிஸை அழைத்துவந்தார்.

"நடிகர்கள உள்ள விடற வழக்கமில்லையே" என்றார் ஃபென்விக்.

"வழக்கத்த இன்னிக்கு ஒரு நாள் வெளியில நிக்கச் சொல்லுங்க."

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கினாள். சொல்வதற்கு முன்னால் உதடு ஒருமுறை தயங்கியது தெரிந்தது. கண்ணில் நீர் கோத்தும் விழாமல் நின்றது தெரிந்தது. ஏப்ரன் ஏப்ரனாக மட்டும் இருந்தது. பேஸ்ட்ரி தின்ற சத்தம் நின்றுபோனது.

விளக்கு எரிந்ததும் ஃபென்விக் தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே நெனச்சேன், இதுல ஏதோ இருக்குன்னு."

சிட் இருமினார். ஆல்பி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப வசனம் எனக்குத்தானே சார்?" என்றார் யூனிஸ்.

"உங்களுக்குத்தான். ஒரு வரி குறையாம."

"பாக்கி இருக்கிற ரெண்டு பாகத்துலயும்?"

"அதுலயும்."

"நல்லது. எழுதிக் குடுங்க."

ஃபென்விக் கோட்டின் எல்லாப் பைகளிலும் பேனாவைத் தேடினார். ஆல்பியிடம் ஒன்று தயாராக இருந்தது. மூடியைக் கழற்றியே கொடுத்தார்.