உள்ளூர்ச் சூழலைக் கருதி

சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர் பணிக்கு விண்ணப்பிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். வயது வரம்புக்குள் இருக்க வேண்டும். மையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும். கணவரை இழந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அவர் வைக்கும் சாம்பாரை ஊரில் யார் சாப்பிடுவார்கள், யார் சாப்பிட மாட்டார்கள் என்று விசாரிக்கச் சொல்லும் பத்தி எதுவும் விதியில் கிடையாது. ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவை ஒன்பது ஆண்டுகள் பார்த்தவன் நான். இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு பெண் காலையில் வாசலில் இடியாப்பம் விற்கிறார். அவருடைய கணவர் வளைகுடாவில் லாரி ஓட்டப் போய் அங்கேயே மாரடைப்பில் இறந்துவிட்டார். முஸ்லிம் வீடு, வெளிநாட்டில் இருந்த கணவர் என்றதும் தெரு அவரைப் பணக்காரி என்று முடிவு கட்டிவிட்டது. ஆவி பட்டுச் சிவந்த அவர் விரல்களை அன்றாடம் பார்ப்பவர்களும் அதையேதான் சொன்னார்கள். பள்ளிக்கூடம் அவர் வீட்டிலிருந்து இரண்டு நிமிட நடை. விண்ணப்பித்தார், நேர்காணலுக்குப் போனார். அவரை எடுக்கவில்லை. வேறு யாரையும் எடுக்கவுமில்லை. இடம் காலியாகவே கிடந்தது.

சான்றிதழ்களை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மழை பேஞ்சா என் யாவாரம் படுத்துருதுண்ணே. இந்த வேலை கெடைச்சா நிம்மதியா இருப்பேன். ஏன் தரலைன்னு கேட்டா மேல கேளுங்கங்கிறாங்க. மேல போனா, கீழதான் கேக்கணுங்கிறாங்க."

முப்பத்தைந்து ஆண்டுச் சர்வீசில் அலுவலக நடைமுறையை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

பிரிவில் இப்போது இருப்பவர் என்னிடம் வேலை கற்றவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார், டீ சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஊர்க்காரவுக நாலு பேரு மனுக் குடுத்திருக்காக. பிள்ளைங்க சாப்பிடாதுங்கிறாங்க. பிரியாணின்னா சரி, சாம்பாரு அவுகளுக்கு வைக்க வருமா?"

"எங்க தெருப்பக்கம் வந்தா இடியாப்பம் யாருகிட்ட வாங்குறீங்க?"

"அது வேற சார்."

"அதே கைதானய்யா?"

"நீங்க உள்ள இருந்தவுக. ஒங்களுக்குத் தெரியாததா?"

உள்ளே இருந்தவன் என்பதால்தான் மேலே பேசாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அன்று மாலையே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதி, அந்தப் பெண்ணின் கையெழுத்தை வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த நான்கு பேர் கொடுத்த மனுவின் நகல், அதன் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகல் இரண்டையும் கேட்டிருந்தேன். பதில் தர முப்பது நாள் கெடு. முப்பத்தோராம் நாள் மேல்முறையீடு போட்டேன். அதற்குப் பிறகு ஒரு தடித்த உறை வந்தது.

மனுவில் முதல் கையெழுத்து தெருமுனை உரக்கடைக்காரருடையது. தினமும் பத்து இடியாப்பம் வாங்குகிறவர். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் அடுத்த தாளில்தான் இருந்தது. "உள்ளூர்ச் சூழலைக் கருதி வேறு நபரைப் பரிசீலிக்கலாம். முன்மாதிரிக் கோப்பின் நகல் இணைக்கப்பட்டுள்ளது." இணைத்திருந்த நகலிலும் அதே வரி, சொல் மாறாமல் இருந்தது. அது என் கையெழுத்து.

வேறொரு ஊர், பல வருடங்களுக்கு முன். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண் இதே பணிக்கு விண்ணப்பித்திருந்தார். எல்லாத் தகுதியும் இருந்தது. ஊரிலிருந்து மனு வந்தது. சாதிப் பெயர் எங்கும் வராமல் அந்த வரியை எழுதி முடித்தபோது, பக்குவமாக எழுதியிருக்கிறேன் என்று எனக்கே திருப்தி. மேலதிகாரியும் பாராட்டினார். நல்ல வரி என்பதால் பிரிவில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். அடுத்து வந்தவர் ஆளை மட்டும் மாற்றிக்கொண்டார்.

தாள்களை இடியாப்பக்காரரிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார்.

"இது யாரு எழுத்துண்ணே?"

"என்னோடதும்மா."

அந்தப் பழைய விண்ணப்பத்தின் கதையை நான் சொல்லக் கேட்டார். பிறகு, "எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். "அந்தப் பொம்பள பெறகு என்ன ஆனாக?"

"தெரியாது."

"விசாரிக்கலையா?"

நான் விசாரித்திருக்கவில்லை. அப்படி விசாரிக்க விதியில் இடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றிரவே ஆட்சியருக்கு மேல்முறையீடு எழுதினேன். இணைப்பு ஒன்று, நியமன விதி. இணைப்பு இரண்டு, என் பழைய குறிப்பு. அது விதிக்கு முரணானது, எழுதியவன் நானே, அதை முன்மாதிரியாகக் கொள்ளக்கூடாது என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். என் ஓய்வூதியத்துக்கு ஏதாவது ஆகுமா என்று விதியைப் புரட்டிப் பார்த்ததையும் மறைப்பதற்கில்லை.

மறுநாள் காலை இடியாப்பம் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் உரக்கடைக்காரர், கையில் தூக்குவாளியோடு.

"பத்தா, மாமா?" என்று அந்தப் பெண் அவரைக் கேட்டார்.

"பத்துதாம்மா. தேங்காப்பால் கொஞ்சம் கூடவே ஊத்து. பேரன் கேக்குறான்."

"ஊத்துறேன். பள்ளிக்கூடத்துல பேரன் என் கையால சாப்பிட மாட்டான்னு எழுதியிருந்தீக. வாளி மாறி இங்கிட்டு வந்துருச்சோன்னு பாத்தேன்."

உரக்கடைக்காரர் வாளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் பத்தையும் வாங்கிக்கொண்டுதான் போனார். பேரன் பசியோடு இருந்திருப்பான்.

"ஒங்களுக்கு என்னண்ணே, தேங்காப்பாலா, குருமாவா?" என்று எப்போதும் போலவே கேட்டார். எப்போதும் போல முகம் பார்த்துக் கேட்கவில்லை.

பிறகு நினைவூட்டுக் கடிதங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதற்குப் பிறகு, கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. அங்கே இருந்த ஒரே சமையலர் தனியாகப் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் தபால்காரர் இடியாப்பக்காரர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். அந்தப் பெண் உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். விண்ணப்பம் விதிப்படி மறுபரிசீலனை செய்யப்பட்டு, விண்ணப்பதாரர் சமையல் உதவியாளராக நியமிக்கப்படுகிறார் என்று இருந்தது. பழைய குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு தாளை வாங்கி மஞ்சப்பைக்குள் வைத்தார்.

"அந்தப் பொம்பள ஊரு எதுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே" என்றார். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் போய் விசாரிப்பது என்று முடிவானது.

ஆணையில் 'நாள்' என்ற இடத்தைப் பூர்த்தி செய்யாமலே அனுப்பியிருந்தார்கள். பழக்கதோஷத்தில் உறையின் மேல் நானே எழுதி வைத்தேன்: பெறப்பட்டது, ஆடி பதினெட்டு.