முதுகு காட்டி நின்றவன்

என் வீட்டுக்காரர் பேருந்து நிலையத்தில் மூன்றாம் நம்பர் கவுண்டரில் டிக்கெட் கொடுக்கிறவர். இருபத்தோரு வருஷமாக மற்றவர்களை ஊர் ஊராக அனுப்பி வைக்கிறார். அவர் மட்டும் ஆறாவது நிறுத்தத்தைத் தாண்டினதில்லை. பஸ் நகர்ந்தால் தலை சுற்றும், ஆறாவது நிறுத்தத்துக்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். காதுக்குள் இருக்கிற கோளாறு, மாத்திரைக்கு மசியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். கார், ரயில், படகு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எங்கள் கல்யாணத்துக்கே மனுஷன் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, வியர்த்து வழிந்து வந்து சேர்ந்தார். சொந்தக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு முதல் வருஷம் மட்டும்தான் சிரிப்பு வந்தது.

அப்படிப்பட்டவர் இன்டர்நெட்டில் பயணக் கட்டுரை எழுதினார் என்றால் நம்புவீர்களா? நாலாயிரம் பேர் நம்பினார்கள். 'ஜன்னலோரம்' என்று ஒரு பக்கம், எழுதுகிறவர் பெயர் 'வழிப்போக்கன்'. ஊர் விவரமெல்லாம் கவுண்டரில் கறந்தது. போய்த் திரும்புகிறவர்களிடம், எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் தேங்கும், எந்த விடுதியில் கதவு சரியாகச் சாத்தாது என்று துருவித் துருவிக் கேட்டு வைத்துக்கொள்வார். படங்கள் இன்டர்நெட்டில் சுட்டவை. மூலையில் எடுத்தவர் பெயர் இருந்தால் அந்தப் பக்கத்தையே நறுக்கிவிடுவார்.

"அடுத்தவங்க எடுத்த போட்டோவை உங்களோடது மாதிரி போடுறீங்களே, கூச்சமா இல்ல?" என்று கேட்டிருக்கிறேன்.

"நான் எடுத்தேன்னு எங்கேயும் எழுதலையே."

"எடுக்கலன்னும் எழுதலையே."

திடீரென்று பல் துலக்கப் போய்விடுவார்.

அவரிடம் ஒரு தொழில் ரகசியம் இருந்தது. படத்தில் முதுகு காட்டி நிற்கிற ஆள் ஒருவரைத் தேடிப் பிடிப்பார். அந்த ஆளோடு தான் பேசியதாக நாலு வரி எழுதுவார். "முகம் தெரிஞ்சா வம்பு. முதுகைப் பாத்து யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்பார். இதில் பெருமை வேறு. நானும் யோக்கியம் இல்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டும்போது அந்த மனுஷன் முகம் மலர்ந்துவிடும். அதைக் கெடுக்க மனசு வராமல் வாயை மூடிக்கொண்டேன்.

மலைக்கு அந்தப் பக்கம் ஏரி இருக்கிற ஊரைப் பற்றி ஒரு கட்டுரை போட்டார். படத்தில் படகுத்துறை. நீலச் சட்டை போட்ட ஒரு பையன் முதுகு காட்டி நிற்கிறான், வலது கையைப் பின்னால் கொண்டுபோய் இடது முழங்கையைப் பிடித்தபடி. கீழே இவர் எழுதியிருந்தார்: 'போன மாதம், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை அவனோடு தேநீர் குடித்தேன். வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், போனதும் முதலில் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை என்றான்.' கடைசியில் வழக்கம்போல வழி. எங்கள் நிலையத்தில் மாறி, மூன்றாம் கவுண்டரில் டிக்கெட் வாங்கி, பத்தேகால் பஸ்ஸைப் பிடிக்கவும். தன் கவுண்டரை ஒரு கட்டுரையிலும் விடமாட்டார்.

பதினோராம் நாள் ஒரு செய்தி வந்தது.

'தம்பி, அது என் பையன். நாலு வருஷம் முன்னாடி அவங்க அப்பாவோட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனவன். ஒரு தகவலும் இல்ல. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் முழங்கையைப் பிடிச்சிட்டு நிப்பான். நானும் அவனும் ஒருதரம் போன ஊருதான், அதான் அங்கேயே போயிருக்கான். நான் வாங்கிக் குடுத்த சட்டையை இன்னும் போட்டிருக்கான் பாருங்க. எந்த டீக்கடைன்னு மட்டும் சொல்லுங்க.'

வாசித்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உண்மையை எழுதுங்க," என்றேன்.

"எழுதினா அந்தம்மாவுக்கு என்ன மிஞ்சும்?"

"எழுதாட்டி என்ன மிஞ்சும்? இல்லாத டீக்கடையா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்தேன். படம் புதியதாக இருந்தால் பையன் அங்கே இருக்க வழியுண்டு. அதனால் முதலில் படத்தை எடுத்தவரைத் தேடினோம். இவர் சுட்ட பக்கம் இன்னொரு பக்கத்திலிருந்து சுட்டது, அது வேறொன்றிலிருந்து. ரெண்டு நாள் தேடி முழுப் படத்தைப் பிடித்தோம். எடுத்தவர் பதில் போட்டார்: எட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது, யார் நின்றார்கள் என்று ஞாபகமில்லை.

அதாவது, பையன் வீட்டை விட்டுப் போவதற்கு நாலு வருஷம் முன்னால். இவர் நறுக்கித் தள்ளிய பக்கத்தில் எடுத்தவர் பெயர் இருந்தது. பெயருக்கு மேலே ஒரு பெண்மணி குனிந்து மஞ்சள் பைக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். முகம் நன்றாகத் தெரிந்தது.

மூன்று நாள் பதிலை எழுதி எழுதி அழித்தார். நாலு வரி எழுதுவார், அழிப்பார், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். சுட்ட படத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும், பையன் அங்கே இல்லை என்றும் சொல்ல வேண்டும். ரெண்டையும் ஒரே கடிதத்தில் சொல்ல அவருக்குக் கை வரவில்லை.

நாலாம் நாள் ஒன்பதரைக்கு, வழக்கம்போல, சாப்பாட்டுத் தூக்கோடு கவுண்டருக்குள் போய் அவருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வரிசையில் மூன்றாவதாக நின்ற அம்மாவைப் பார்த்ததும், முழுப் படத்தில் பையைத் துழாவியவர் என்று தெரிந்துவிட்டது. தலை நரைத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏரிக்கு ஒரு டிக்கெட் குடுங்க," என்றார் கண்ணாடி ஓட்டை வழியாக. "திரும்பி வரதுக்கு ரெண்டு வேணும். இப்பவே தருவீங்களா?" பிறகு போனில் படத்தைக் காட்டினார். "இந்தப் பையன் இந்தப் பக்கமாத்தான் போயிருப்பான். பாத்த ஞாபகம் இருக்கா?"

இவர் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. நான் பின்னாலிருந்து முதுகில் கிள்ளினேன்.

"அம்மா, அதை எழுதினவன் நான்தான்."

அந்த அம்மா ஓட்டைக்குள் கையை விட்டு இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா தம்பி? மெலிஞ்சிருக்கானா? இருமல் இருந்துச்சா?"

"நான் அவனைப் பாக்கலம்மா. நான் அந்த ஊருக்கே போனதில்ல."

பிடி விடவில்லை. இவர் இடது கையால் தன் போனை எடுத்து முழுப் படத்தைக் காட்டினார். அந்த அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது நான்," என்றார். "சில்லறை தேடிட்டு இருக்கேன். படகு போயிடும்னு அவன் கோவிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டான்."

"எட்டு வருஷம் ஆச்சும்மா."

"அதான் சட்டை வெளுக்காம இருக்கு." படத்தை விட்டு நிமிர்ந்து கேட்டார், "அப்போ, வீட்டுக்கு வரணும்னு சொன்னது?"

"நானா எழுதினதும்மா."

கையை எடுத்துக்கொண்டார். "போட்டோவை எடுத்துப் போட்டதை விடுங்க. என் பையன் வாயில அந்த வார்த்தையை எதுக்கு வெச்சீங்க?"

வரிசையில் யாரோ, "கதையை அப்புறம் பேசுங்க, பஸ் கிளம்பப் போகுது," என்று கத்தினார்கள்.

அந்த அம்மா நகரவில்லை. "அவனுக்குப் பிடிச்ச ஊரு. நீங்க பொய்யா எழுதினாலும் அவன் அங்க இருக்கக் கூடாதுன்னு இல்லையே. டிக்கெட்டைக் குடுங்க. போக ஒண்ணு, வர ரெண்டு."

அடித்துக் கொடுத்தார். சாயங்கால பஸ்ஸில் அந்த அம்மா மட்டும் இறங்கி வந்தார்.

அன்றைக்கே இவர் 'ஜன்னலோரம்' பக்கத்தை அழித்துவிட்டார். அழித்து என்ன பிரயோஜனம்? மாதத்தின் முதல் செவ்வாய் அந்த அம்மா வந்துவிடுவார், போக ஒன்று, வர ரெண்டு. வேறு கவுண்டருக்கு மாற்றச் சொல்லி இவர் மனுக் கொடுத்தார். மலைப் பக்க வண்டியெல்லாம் உனக்குத்தானே மனப்பாடம் என்று மேனேஜர் சிரித்தார். திங்கட்கிழமையே இவருக்குச் சோறு இறங்காது. இப்படியே ஒன்பது மாதம்.

போன மாதம் அந்த அம்மா, "முட்டி வலி தாங்கல தம்பி. இந்தத் தடவை மட்டும் நீங்க போய்ப் பாத்துட்டு வாங்களேன். உங்களுக்குத்தான் அந்த ஊரு நல்லாத் தெரியுமே," என்றார். குத்திச் சொன்னாரா வெகுளியாகச் சொன்னாரா, எனக்கு இன்னும் புரியவில்லை. மறுநாள் இவர் லீவு போட்டுவிட்டு, இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு டிக்கெட் அடித்துக்கொண்டார். நான் எலுமிச்சம்பழமும் நாலு பிளாஸ்டிக் பையும் கொடுத்து அனுப்பினேன். ரெண்டு மணி நேரத்தில் நடந்தே திரும்பி வந்தார். சட்டை நாசமாகியிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்து விரலால் ஆறு என்று காட்டினார். நான் திட்டவில்லை. முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இந்த மாதம் அந்த அம்மா வந்ததும், "போனீங்களா தம்பி?" என்று கேட்டார். இவர் நினைத்தால் படகுத்துறையில் இருந்து கடைசித் தெருவரை தேடினதாகக் கண்முன்னே நிறுத்திவிடுவார்.

"ஆறாவது ஸ்டாப் வரைக்கும் போனேன்மா," என்றார். "அதுக்கு மேல என்னால முடியல."

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மஞ்சள் பைக்குள் குனிந்து சில்லறை தேடினார்.

"சரி, டிக்கெட்டைக் குடுங்க. போக ஒண்ணு, வர ரெண்டு."