ஹாரன் அடிக்காத வேன்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் பள்ளி வேனின் வாட்ஸ்அப் குழுவில் லூர்து அக்காவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘அம்மா இறந்துட்டாங்க. இன்னைக்கு வேன் வராது.’ அனுப்பியவர் அவருடைய மகள் ஸ்டெல்லா. என் மகன் பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போய்விட்டான். ஆனாலும் அந்தக் குழுவிலிருந்து வெளியேற எனக்கு மனம் வரவில்லை. செய்திக்குக் கீழே முதல் பதிலாக ஒரு பெற்றோர், நாளைக்காவது வேறு டிரைவர் வருவாரா என்று கேட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால் என்றால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

திருக்கோகர்ணத்தில் அந்த மஞ்சள் வேனில் பிள்ளைகளை ஏற்றிவிட்ட உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேர் லூர்து மேரி அக்காவைத் திட்டியவர்கள். நான் திட்டியதோடு நிற்காமல் புகாரும் கொடுத்தவள்.

கணவர் முதுகில் அடிபட்டுப் படுத்த பிறகு வண்டியைத் தானே ஓட்டத் தொடங்கியவர் அவர். சேலை மேல் காக்கிச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. காலை ஏழு நாற்பதுக்கு வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கும். எஞ்சின் அணையும். ஹாரன் அடிக்க மாட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் இருப்பார். பிள்ளை வந்தால் ஏற்றுவார், வராவிட்டால் கிளம்பிவிடுவார். மெயின் ரோட்டில் லாரிக்காரனுக்கு அடிப்பாராம். தெருவுக்குள் ஒருநாளும் அடித்ததில்லை.

என் மகன் முகிலன் எட்டாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள் நான் அவன் பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினேன். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அங்கிருந்து வந்த பை அது, நல்ல விலை. அதை வாங்கித் தரும்வரை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து சாதித்தவன், வாங்கியபின் அதைத் தோளில் மாட்டி நான் பார்த்ததில்லை. அவன் பின்னால் போனைப் பார்த்தபடி நடந்து வந்தான். லூர்து அக்கா கதவைத் திறக்கவில்லை.

“மேடம், பை ஒங்களுதா, தம்பியோடதா?”

அவனுடையதுதான் என்றேன்.

“அப்ப தம்பிகிட்ட குடுத்துருங்க. நா ஏத்திக்கிறேன்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. வேன் ஓட்டுகிறவருக்கு இவ்வளவு வாயா என்று சாயங்காலம் கணவரிடம் போனில் பொரிந்து தள்ளினேன். அவரும் சேர்ந்து திட்டினார். தூரத்தில் இருக்கிற அப்பாக்களுக்கு வேறென்ன செய்ய முடியும்? பொருள் அனுப்புவார்கள், சேர்ந்து கோபப்படுவார்கள்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு நாளில்தான் அது வெடித்தது. அன்றைக்கு நான் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். டிபன் பாக்ஸ் கட்டவில்லை. ஒரு ஷூவுக்குச் சாக்ஸ் கிடைக்கவில்லை. அவனோ ஹெட்போனைத் தேடிக்கொண்டிருந்தான். வேன் வந்தது, நின்றது, போய்விட்டது. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கேள்வித்தாள் கொடுத்து அரை மணி ஆகியிருந்தது. ஆட்டோவில் அவன் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம், “எல்லாம் ஒன்னாலதான்” என்பது. அதற்கு அவன்மேல் வரவேண்டிய கோபம் முழுவதும் லூர்து அக்காமேல் போனது. ஆவுடையார்கோவிலில் அரசு அலுவலகத்தில் பத்து வருடமாகப் பிறர் மனுக்களைக் கோப்பில் சேர்ப்பவள் நான். எப்படி எழுதினால் வேலை நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? பள்ளிக்கு இரண்டு பக்கம் எழுதினேன். பள்ளியில் அவரைக் கூப்பிட்டு, இனி ஹாரன் அடித்துப் பிள்ளை வரும்வரை நிற்க வேண்டும், இல்லையென்றால் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ரூட்டை நம்பித்தான் அவர் வீட்டில் உலை வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாராக நின்றேன். அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ஹாரன் அடிச்சா ஓடி வாரது நீங்கதான் தங்கச்சி. தம்பி நடந்துதான் வருவாப்ல. நா தெனமும் கண்ணாடில பாத்துக்கிட்டுதானே இருக்கேன். ஒங்கள ஓட வைக்கிறதுக்கு நா எதுக்கு ஹாரன் அடிக்கணும்?”

மறுநாளிலிருந்து நான் அவனை வேனில் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். வீம்புதான், வேறென்ன.

ஒரு மாதம் நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். விட்டுத் திரும்பி ஆவுடையார்கோவில் பஸ்ஸைப் பிடிக்க முடியாமல் அலுவலகத்துக்குத் தினமும் தாமதமாகப் போனேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வீட்டில் முகிலன் புதிதாக ஒன்று ஆரம்பித்தான்: வேனும் வேண்டாம், அம்மா ஸ்கூட்டரும் அசிங்கம், தனக்கு பைக் வேண்டும். பதினைந்து வயதில் பைக்கா என்றால், கூடப் படிக்கும் இன்னொருவன் ஓட்டுகிறானே என்றான். அவன் அப்பா அரை மனதாகச் சரி என்றும் சொல்லிவிட்டார். ஒருநாள் காலை அவன் ஹெல்மெட்டைக்கூட நான் எடுத்துக் கொடுப்பதற்காக ஸ்கூட்டர் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். முகத்தில் திமிர் எதுவும் இல்லை, அதுதான் என்னைச் சுட்டது. உலகம் அப்படித்தான் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தது. நினைக்க வைத்தது யார்?

அன்றைக்கே பள்ளிக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றேன். ஹாரன் தேவையில்லை, காத்திருக்கவும் தேவையில்லை என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். ரூட் அவரிடமே இருந்தது. லூர்து அக்காவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டபோது, அதெல்லாம் எதற்கு என்று சிரித்துவிட்டார். ஆனால் முகிலனுக்கு இடம் வேண்டுமென்றால் தம்பியே பேசட்டும் என்றார். அவனுக்கு அது மலையாக இருந்தது. எங்களிடம் அவன் அதுவரை எதையும் கேட்டதில்லை, வேண்டும் என்று சொல்லியே பழக்கம். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் சமையலறைக்கு அந்தப் பக்கம் நின்று, “அக்கா, நா முகிலன்... வேன்ல எனக்கு சீட் இருக்குங்களா?” என்று அவன் திக்கித் திணறிப் போனில் கேட்டது என் காதில் விழுந்தது. தோசைக்கல்லை மறந்துவிட்டு அழுதேன். பைக் பேச்சு அதற்குப் பிறகும் வந்தது. பிள்ளை ஒரே நாளில் திருந்திவிட்டான் என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வேன் கழுவும் வைபவத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவரவர் சீட்டை அவரவரே கழுவ வேண்டும் என்பது அக்காவின் சட்டம். பிள்ளைகள் சீட்டுக்கு அடியில் தாங்களே ஒட்டிய சூயிங் கம்மைச் சுரண்டிக்கொண்டு கிடப்பார்கள். ஸ்பீக்கரில் அவர்கள் பாட்டு அலறும், அக்கா எல்லோருக்கும் பொரிகடலை பிரித்துக் கொடுப்பார். அப்படி ஒருமுறை நம்மில் ஒரு அப்பா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையவே மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வளையுதுங்க. நாமதான் முந்திக் குனிஞ்சுர்றோம்” என்றார். அந்த அப்பாவின் கையில் அப்போது மகனுடைய ஷூ இருந்தது.

அவரைத் தெய்வமாக்கி விடக்கூடாது. இறுதிச் சடங்குக்கு அவருடைய ஊருக்குப் போயிருந்தபோது ஸ்டெல்லா என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே சொன்னாள்: கல்லூரி முடிக்கும்வரை தனக்குத் தலை பின்னிவிட்டது அம்மாதான், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவ விட்டதில்லை. ஊருக்குத்தான் உபதேசம். அழுகைக்கு நடுவே இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிமிடம் அக்காமேல் எனக்குப் பிரியம் இன்னும் கூடியது. தன் வீட்டில் தன்னால் முடியாததைத்தான் நம் வாசலில் தினமும் இரண்டு நிமிடம் பிடிவாதமாகச் செய்து பார்த்திருக்கிறார்.

முகிலனுக்கு நான் செய்தியை மட்டும்தான் அனுப்பியிருந்தேன், வா என்று சொல்லவில்லை. திருச்சியிலிருந்து இரண்டு பஸ் மாறித் தானாக வந்து சேர்ந்திருந்தான். மாதா கோயிலில் பூசை முடிந்து, நடக்க முடியாத பெரியவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு அதே மஞ்சள் வேனில் அழைத்துப்போக ஏற்பாடு. அக்காவின் தம்பி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குள்ளிருந்து ஆட்கள் வரத் தாமதமானது. அவர் ஹாரனை ஒருமுறை அழுத்தினார். இத்தனை வருடத்தில் அந்த வேனின் ஹாரனை நான் முதல்முறையாகக் கேட்டேன். கரகரவென்று ஒரு சாதாரணச் சத்தம். என் கால்கள் என்னை அறியாமல் ஓரடி எடுத்து வைத்தன.

முகிலன் போய் ஜன்னலில் கை வைத்தான். “அடிக்காதீங்க மாமா. வந்துருவாங்க” என்றான்.

அவர் எஞ்சினை அணைத்தார். எல்லோரும் வந்தார்கள்.

லூர்து அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு நிமிடம். அது எளிதில் கைவருவதில்லை. அன்று சாயங்காலமே அதற்குச் சோதனை வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து, திருச்சிக்குக் கிளம்பப் பையை அடுக்கிக்கொண்டிருந்த முகிலன், “ம்மா, என் சார்ஜர் எங்க?” என்று உள்ளிருந்து குரல் கொடுத்தான்.

ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. நான் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.