கடல்கட்டியின் மருமகன்

போன மாதம் ராமேசுவரத்தில் ஒரு சிப்பிக் கடையில் சுறாவின் தாடை தொங்கிக்கொண்டிருந்தது. வாய் விரியத் திறந்தபடி, பல்லெல்லாம் தெரிய, சாவிக்கொத்துகளுக்கும் சங்கு விளக்குகளுக்கும் நடுவே. வார்னிஷ் வாசனையை மீறி லேசாகக் கவிச்சி அடித்தது. அந்தக் கவிச்சியில் அந்தோணி நினைவுக்கு வந்தார்.

ஐம்பதுகளில் நான் ஒரு பத்திரிகைக்கு ராமநாதபுரத்திலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மழை, திருவிழா, பஸ் கவிழ்ந்தது. ஆறு வரிக்கு மேல் இடம் கிடைக்காது. சங்கு குளிப்பைப் பார்த்து எழுதத் தங்கச்சிமடம் போனபோதுதான், முப்பது வயதாகியும் மாமனாரிடம் தொழில் படித்துக்கொண்டிருந்த அந்தோணியைச் சந்தித்தேன். மாமனார் சூசை கடல்கட்டி. சங்கெடுக்க முங்குகிறவர்களைக் கடிக்காதபடி காலையில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவார். படகுகள் கரை சேர்ந்ததும் அவிழ்ப்பார். இடையில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அவிழ்க்காமல் நாக்கில் ஈரம் பட்டால், கட்டியவன் குடும்பத்தில் ஒருவரைச் சுறா கொண்டுபோகும் என்பது நம்பிக்கை. பங்குச் சாமியாருக்கு இதெல்லாம் பிடிக்காது. ஆனாலும் கடல்கட்டி கரையில் உட்காராமல் யாரும் முங்கமாட்டார்கள்.

கதைகளில் வரும் சீடன் பூதத்தை வரவழைக்கும் மந்திரத்தை மட்டும் கற்றுக்கொண்டு, திருப்பியனுப்பத் தெரியாமல் முழிப்பான். சிறுவயதில் சிரித்திருக்கிறேன். குருமார்கள் ஏன் எப்போதும் பின்பாதியைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள் என்று யோசித்ததில்லை. சூசையும் மருமகனுக்குக் கட்டுவதை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார். அவிழ்ப்பதைப் 'பொறவு பாப்பம்' என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

நான் போன அன்று சூசைக்குக் காய்ச்சல். மருமகன் கட்டட்டும், சாயங்காலம் நான் வந்து அவிழ்க்கிறேன் என்று சொல்லியனுப்பினார். அந்தோணி கட்டினார். மத்தியானம் சூசை செத்துப்போனார்.

மறுநாள் அடக்கம் முடிந்தபிறகும் அந்தோணி தண்ணீரைத் தொடவில்லை. அவருடைய தம்பி முங்குகிறவன். சுறா கொண்டுபோனால் அவனைத்தான் கொண்டுபோகும் என்று உறுதியாக இருந்தார். உதடு வெடித்துவிட்டது. கரையில் ஒருவன், "சுறா வாயக் கட்டச் சொன்னா மாப்ள தன் வாயக் கட்டிக்கிட்டாரு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

படித்தவன் என்ற முறையில், சுறாவின் சுபாவம் பற்றிக் கால்மணி நேரம் நான் அவரிடம் பேசினேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ஒங்களுக்குத் தம்பி இருக்காகளா?" என்றார். இல்லை என்றேன். அதோடு என் பகுத்தறிவு முடிந்தது.

சாயங்காலம் அவர் மனைவி மரியம்மாள், தகப்பனைப் புதைத்து அழுத முகத்தோடு, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அய்யா கட்டவுக்குறதச் சின்னப்புள்ளைல இருந்து பாத்துருக்கேன். மந்திரமெல்லாம் ஒண்ணுமில்ல. கடலப் பாத்து, 'போங்கப்பா, போய்த் தின்னுங்க'ன்னு சொல்லுவாக. சொல்லிட்டுத் தண்ணி குடிப்பாக. அம்புட்டுத்தான்."

"சத்தியமாவா?"

தாலியில் கோத்திருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியமா."

அந்தோணி கடலைப் பார்த்துச் சொன்னார். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு செம்பு காலியாயிற்று.

மறுநாள் தம்பி முங்கினான். ஒன்றும் ஆகவில்லை. நான் சங்கு குளிப்பு மீண்டும் தொடங்கியது என்று நாலு வரி அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பதினொரு பெண்கள் நின்றார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. மரியம்மாள் மட்டும் கால்மணி நேரம் மண்டியிட்டிருந்தாள். என் கையில் நோட்டு இருந்தது, எழுதிக்கொள்ளவில்லை. அந்தப் பருவம் முழுக்க அந்தோணி அதே வார்த்தையைச் சொல்லித்தான் அவிழ்த்தார்.

போன மாதம் சிப்பிக் கடையில், அந்தத் தாடை இங்கே பிடித்த சுறாவினுடையதா என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"இங்கன ஏதுங்க சுறா? வெளியூர்ச் சரக்கு."

பஸ் பிடித்துத் தங்கச்சிமடம் போய்க் கடற்கரைக்கு நடந்தேன். அந்த நாளில் கடல்கட்டி உட்காரும் இடத்தில் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அலை அடங்கியிருந்தது. போய்த் தின்னுங்கப்பா என்று சொன்னால் கேட்டுக்கொண்டு போக அந்தத் தண்ணீரில் ஏதாவது மிச்சமிருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை.