பேனா இல்லாத கதை

என்னிடம் ஒரு மஞ்சள் டீ-சர்ட் இருக்கிறது. இப்போது பைக் துடைக்கத்தான் உதவுகிறது. நெஞ்சுப் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் "சரியாயிரும் மக்களே" என்று இருக்கும். டீமில் இருந்த தெலுங்குப் பையன்களும் படிக்க வேண்டுமே என்று அப்படி அச்சடித்தோம். அது எங்கள் டீம் லீடரின் வாக்கு. நாகர்கோவில்காரர்; அங்கே ஒருவரைக்கூட 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். சர்வர் படுத்தாலும், அமெரிக்காவிலிருந்து திட்டி மெயில் வந்தாலும் அதைத்தான் சொல்வார். தமிழில் வேறு ஒரு வார்த்தை தெரியாதவன்கூட ஆபீஸ் இருந்த மாதாப்பூர் டீக்கடையில், "டென்ஷன் நக்கோ மாமா, சரியாயிரும் மக்களே" என்பான். நக்கோ என்றால் அந்த ஊர் உருதுவில் வேண்டாம்.

அமெரிக்காவில் பாங்குகள் கவிழ்ந்த வருடம், எங்கள் டீமில் ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பச் சொன்னார்கள். டீம் லீடர் மேலே போய்ச் சண்டை போட்டார். தோற்றார். கேட்டில் அவளுக்கு ஆட்டோ வரும்வரை வெயிலில் நின்றார். அவள் அழுதபோது அதே வார்த்தையைச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவளுடைய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுநாள் கேன்டீனில் எல்லோருக்கும் பயம், அடுத்தது யாரென்று. எனக்கும்தான். என்ன நடந்தது என்று கேட்டார்கள். அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்: "சரியாயிரும் மக்களே. அது ஆபீஸ் பேனாவாக்கும், வச்சிட்டுப் போ." மேஜை அதிரச் சிரித்தார்கள். பேனா என் வாயிலிருந்து வந்தது. அவர் பேனாவைக் கேட்கவே இல்லை.

கதை எங்கள் கட்டடத்தைத் தாண்டியது. வேலை போனவனை "மக்களே ஆகிவிட்டான்" என்று தெலுங்கில் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போதுதான் யுனிவர்சிட்டியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். அதே ஊரில், போவன்பள்ளியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். கம்பெனிகளில் வாய்மொழியாகப் புழங்கும் கதைகளையும் சொலவடைகளையும் ரெக்கார்ட் செய்துகொண்டிருந்தாள்.

டீம் லீடர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பேனாக் கதைய நீயாவது அவகிட்ட திருத்திச் சொல்லிரு மக்களே. நீ பக்கத்துல நின்னவனாக்கும். நாளைக்கு எனக்க பிள்ளை இதப் படிச்சா என்ன நெனைக்கும்?"

போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் ரெக்கார்டரை நிறுத்தவில்லை. "இதையும் வெச்சுக்கறேன் சார். ஆனா எது நெஜம்னு தேடறது என் வேலை இல்ல. ஜனம் எப்படிச் சொல்றாங்களோ அதுதான் வேணும். எல்லாரும் பேனாவோடதான் சொல்றாங்க. பேனா எங்கேர்ந்து வந்துச்சு, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"ஹவ், ஆமா சார், யாருக்கும் தெரியல. அதான் சார் இதுல அழகு."

அழகாம்! அவள்மேல் பல நாள் கோபப்பட்டேன். அவள் என்ன செய்வாள்? கேள்வியைச் சரியாகத்தான் கேட்டாள். வாய்மொழிக் கதைக்கு ஆசிரியன் கிடையாது என்கிறார்கள். சில கதைகளுக்கு உண்டு. அவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பிறகு டீம் லீடர் சென்னையில் ஓர் இண்டர்வியூவுக்குப் போனார். "பேனா சார் நீங்கதானா?" என்று கேட்டார்களாம். போனில் சொல்லிவிட்டுச் சிரித்தார். வேலை கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. பேனா என்னுடையது என்றும் சொல்லவில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அதே கதையை எனக்கே சொன்னான். அதில் இப்போது பேனாவோடு நாற்காலியையும் பிடுங்குகிறார். "பேனாவே கிடையாதுடா. அவர் கேட்ல அவகூட நின்னார். அவ்வளவுதான்" என்று கத்தினேன். பயந்துபோய்ப் பார்த்தான். "பேனா இல்லன்னா இதுல கதையே இல்லியே சார்" என்றான்.

இன்று காலை அந்த மஞ்சள் துணியை அலசிக் கொடியில் போட்டேன். அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். சொன்னால் அவர் திட்ட மாட்டார். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் கேட்க முடியாது.