ஆற்றங்கரைத் தெரு வாய் மூடிய காலை

1. பார்ட்டி வருவதற்கு முன்

"இன்னிக்கு வீடு பாக்க ஒரு பார்ட்டி வராங்க. யாராவது வாயைத் தொறந்தீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

ஆற்றங்கரைத் தெருவின் நடுவில் நின்று நான் இப்படிக் கத்தியதும், இஸ்திரி போடும் கோவிந்தன் வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதும் ஊரில் வீடு தேடாத ஆளே இல்லை. தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு நான் வீட்டுப் புரோக்கர் ஆனது அப்போதுதான். பைபாஸ் பக்கத்துப் புது வீடுகள் காட்டிய உடனே முடிந்துவிடும். இந்தப் பழைய தெருவில் சரோஜா அக்காவின் மாடி போர்ஷன் மட்டும் என் உயிரை வாங்கியது. வீட்டில் ஒரு குறையும் கிடையாது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கோமுகி ஆறு. கடைவீதி, பஸ் ஸ்டாண்டு, கோயில், டாக்டர் எல்லாம் நடக்கிற தூரம். குறையெல்லாம் தெருவின் வாயில்தான். ஒரு தடவை கல்யாணமான புதுசில் ஒரு ஜோடி வந்தது. மாடிப்படி ஏறுவதற்குள் கோவிந்தன், "இன்னாம்மா, விசேஷம் எதுனா உண்டா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் அப்படியே திரும்பி ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள். அதற்கப்புறம் வந்தவர்களும் அப்படித்தான் ஓடினார்கள்.

2. மலையிலிருந்து வந்த அம்மா

அன்றைய பார்ட்டி இரண்டு பேர். அலமேலு, அவளுடைய அம்மா சின்னப்பொண்ணு. கல்வராயன் மலையில் வெள்ளிமலையையும் தாண்டி ஒரு ஊர். அலமேலுவுக்குக் கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. தினமும் மலையேறி இறங்க பஸ் தோதுப்படாது. மனசுக்குப் பிடித்த வீடு கிடைத்தால்தான் வேலை, இல்லாவிட்டால் பொண்ணை ஊருக்கே கூட்டிப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா பஸ் ஏறியிருக்கிறார். அலமேலு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பிடியாவது அம்மாவ சரின்னு சொல்ல வெச்சிடுங்கக்கா" என்றாள்.

முதலில் பைபாஸ் வீட்டைக் காட்டினேன். டைல்ஸ், மோட்டார், மாடுலர் கிச்சன், எல்லாம் உண்டு. சின்னப்பொண்ணு அம்மா உள்ளேயே வரவில்லை. வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். தெருவில் எல்லா கேட்டும் சாத்தியிருந்தது. "வேற வூடு காட்டு" என்றார்.

ஆற்றங்கரைத் தெருவுக்கு வந்தோம். அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் காற்று ஜில்லென்று இருந்தது. தெரு என் பேச்சை அப்படியே காப்பாற்றியது. கோவிந்தன் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பூக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரோஜா அக்கா சாவியை நீட்டிவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். வீடு முடிந்த மாதிரிதான் என்று எனக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை.

மாடியைப் பார்த்துவிட்டு இறங்கிய சின்னப்பொண்ணு அம்மா என் காதருகே வந்தார்.

"ஏம்மா, தெருவுல சாவு எதுனா வுழுந்துட்டுதா?"

"இல்லீங்களே."

"அப்பறம் ஏன் ஒருத்தரும் ஒரு வார்த்த பேசல? எங்கூர்ல புது ஆளு வந்தா தண்ணி குடுத்து, எந்த ஊரு, யாரு வூடுன்னு கேப்போம். இங்க எம் பொண்ணு ஜொரம்னு படுத்தா யாரு எட்டிப் பாப்பாங்க? வாடி, பஸ்ஸுக்கு நேரமாச்சி."

அலமேலுவின் முகம் செத்துவிட்டது.

3. அவிழ்த்துவிட்டேன்

"கோவிந்தண்ணே, கேட்டுத் தொலைங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. "இன்னா வேணா கேக்கலாமா?"

"இன்னா வேணா கேளுங்க."

அவ்வளவுதான். சட்டைக் காலர் தீய்வதைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தார். "எந்த ஊரும்மா? பொண்ணுக்கு சம்பளம் எவ்ளோ? மாப்ள பாத்துக்கினு இருக்கீங்களா? கறி துன்னுவீங்களா?" சரோஜா அக்கா அவரைத் தள்ளிவிட்டு, மலையில் சாமை இன்னும் விளைகிறதா, சோறு எப்படி வடிப்பீர்கள் என்று பிடித்துக்கொண்டார். பூக்காரி, "இன்னா தலை மொட்டையா கெடக்குது?" என்று கேட்டுக்கொண்டே அலமேலுவின் பின்னலில் பூவைச் சொருகினாள்.

சின்னப்பொண்ணு அம்மா பையைக் கீழே வைத்தார். படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார். "உனுக்கு எத்தினி புள்ளைங்க? மருமவ சோறு போடுறாளா? அப்பறம் ஏன் இப்பிடி எளைச்சிக் கெடக்கற?" பதில் சொல்ல முடியாமல் கோவிந்தன் திணறியதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது. நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் அந்த அம்மா எழுந்து கோவிந்தனிடம் கண்டிப்பாகச் சொன்னார். "எம் பொண்ணு பொழுது சாஞ்சி வந்தா ஏன் லேட்டுன்னு கேக்கணும். கேப்பியா?"

"அதெல்லாம் நீங்க சொல்லணுமாங்க?"

மகள் பக்கம் திரும்பினார். "வேலைல சேந்துக்க."

அலமேலு முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். மொத்தத் தெருவும் ஒரே குரலில், "ஏம்மா அழுவற?" என்றது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு தெருவுக்கு எது குறை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று பார்ட்டியைக் கேளுங்கள். கேள்வி கேட்காதே என்று ஒரு தெருவையே மிரட்டிக்கொண்டு திரிந்த நான், கேட்க வேண்டிய அந்த ஒன்றைக் கேட்கவே இல்லை.