வந்தாங்களா, வந்திருக்காங்களா

எட்டு வருஷம்

“ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் எய்ட் இயர்ஸ்” என்று சகாயமேரி சொல்லி முடித்ததும் நான் மார்க்கரை மூடி மேசையில் வைத்தேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற யாருக்கும் இந்த இடம் தெரியும். வாக்கியத்தில் ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனால் அர்த்தம் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

சகாயமேரி மதுரையில் தல்லாகுளம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இங்கிலாந்து வேலைக்கான வீடியோ நேர்காணலில் இதையேதான் சொல்லியிருக்கிறார். எதிர்ப்பக்கத்துப் பெண்மணி உடனே, ஏன் அந்த வேலையை விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். விடவே இல்லை என்று இவர் பதற, அவர் திரும்பத் திரும்பக் கேட்க, நேரம் முடிந்துவிட்டது. மாதக் கடைசியில் இன்னொரு வாய்ப்பு. அதுவும் தவறினால் ஏஜென்சி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். ‘ஹேவ் வொர்க்ட்’ என்று சொல்லுங்கள், இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள் என்பது அதில்தான் தெரியும் என்றேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை.

“நேத்து நைட் டூட்டிகூடப் பாத்துட்டுத்தான் மிஸ் வாரேன். இந்த ஹேவ் இல்லாட்டி நான் ரிசைன் பண்ணுன மாதிரியா?”

வந்துட்டேன்

என் வகுப்பு ஒத்தக்கடையில், ஒரு மாடியில். டைல்ஸ் கடை சேல்ஸ்மேன் பாண்டி துபாய் போகும் யோசனையில் சேர்ந்தவர், தினமும் தாமதம். அன்று போன் போட்டுக் கேட்டால் ஒத்தக்கடை வந்துவிட்டதாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ‘மேலூர், மேலூர்’ என்று கூப்பிடுவது எனக்குக் கேட்டது.

நிதானமாக வந்து உட்கார்ந்தார். முடிந்துபோன காரியத்தின் பலன் இப்போதும் இருந்தால் ‘ஹேவ்’ போட வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பஸ் ஏறுவதற்கு முன்பே ‘வந்துட்டேன்’ என்கிறோமே, அது என்ன டென்ஸ் என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள், குனிந்து எழுதிக்கொண்டிருந்த சகாயமேரி நிமிராமலே பதில் சொன்னார்.

“அது பொய், அண்ணே.”

மாமியார்

இன்னொரு நாள் வகுப்பின் நடுவே சகாயமேரிக்கு வீட்டிலிருந்து மகள் பேசினாள். போனை வைத்ததும் பையைத் தூக்கிவிட்டார். மாமியார் வந்திருக்கிறாராம், கிளம்பட்டுமா என்றார்.

ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னேன். மகள் சொன்னது ‘வந்தாங்க’ என்றா, ‘வந்திருக்காங்க’ என்றா? எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதுபோல் பார்த்தார். வந்திருக்காங்க என்றுதான் சொன்னாளாம். வந்தாங்க என்று சொல்லியிருந்தால் இப்படிக் கிளம்புவீர்களா என்று கேட்டேன். நின்றவர் பையோடு உட்கார்ந்தார். கோடு போட்டு, அம்பு போட்டு எத்தனையோ பலகைகளை நிரப்பியிருக்கிறேன். அன்று பலகையைத் தொடவே இல்லை.

“வந்தாங்கன்னா வந்துட்டுப் போயிட்டாங்க. வந்திருக்காங்கன்னா இன்னும் வீட்டுல உக்காந்திருக்காங்க. ஹேவ் வொர்க்ட்னா நானும் இன்னும் உக்காந்திருக்கேன். இம்புட்டுத்தானா மிஸ்?”

போன வருஷம்

இம்புட்டுத்தான் இல்லை. மறுநாளே பாண்டி, தனக்கு வேலை தரப்போகும் துபாய்க்காரரைப் பற்றி ‘ஐ ஹேவ் மெட் ஹிம் லாஸ்ட் இயர்’ என்றார். போன வருஷம் பார்த்திருக்கிறேன் என்பது தமிழில் சரி. ஆங்கிலத்தில், எப்போது என்று சொல்லிவிட்டால் ஹேவ் கிளம்பிவிட வேண்டும். பாண்டி இதைத் தன் சொந்தபந்தங்களோடு பொருத்திப் பார்த்தார்.

“நேத்து, போன வருசம்லாம் உள்ள வந்தா ஹேவ் எந்திரிச்சுப் போயிருது. பேச்சுவார்த்த இல்லாத சம்பந்தக்காரங்க கணக்கால்ல இருக்கு.”

நேர்காணல்

வீட்டில் நெட் சரியாக வராது என்று சகாயமேரி என் வகுப்பறையிலிருந்தே பேசினார். படியேறி வருகிறவர்களை நிறுத்த பாண்டி வாசலில் நின்றார். கேமராவில் தெரியாத மூலையில் நான்.

‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் எய்ட் இயர்ஸ்.’ போன முறை கேட்ட அதே பெண்மணி தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். அது நாங்கள் பழகிப் பார்க்காத கேள்வி: டாக்டர் சொன்னதற்கு எப்போதாவது உடன்படாமல் இருந்திருக்கிறீர்களா? என் மாணவர்கள் பெரும்பாலும் இதற்கு ‘நோ மேம்’ என்று பவ்யமாகச் சொல்லித் தப்பித்திருப்பார்கள். சகாயமேரி ‘யெஸ், ஐ ஹேவ்’ என்றார். அடுத்த வாக்கியம் ‘லாஸ்ட் இயர்’ என்று தொடங்கியது. ஹேவ் தானாக விலகிக்கொண்டது. பிரசவமான பெண்ணை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பியிருக்கிறார். இவர் மறுபடி பிரஷர் பார்த்திருக்கிறார், குறைவு. அனுப்பவில்லை. டாக்டரைத் திரும்ப வரவழைத்திருக்கிறார். செக்ட், வெயிட்டட், கால்ட் என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து நின்றது. நான் கொடுத்தது வினைச்சொற்களைத்தான், காரியங்களெல்லாம் அவருடையவை. அந்தத் தாய் என்ன ஆனார் என்று கடைசியாகக் கேட்டார்.

“ஷி வென்ட் ஹோம் வித் ஹெர் பேபி, மேம்.”

வேலை உறுதி என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். லேப்டாப்பை மூடிய சகாயமேரி ‘கெடச்சிருச்சு மிஸ்’ என்றார். இதை ஆங்கிலத்தில் எந்தக் காலத்தில் சொல்வீர்கள் என்று கேட்காமல் இருக்க எவ்வளவு தன்னடக்கம் வேண்டும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பாண்டி உள்ளே வந்து, இரைச்சல் கேட்கக் கூடாதென்று நிறுத்தி வைத்திருந்த மின்விசிறியைப் போட்டார்.